பேரிக்காய் மீட்புக் குழு

குன்னூரிலிருந்து ஜெகதளா போகும் சாலையில் ஒரு பங்களா இருக்கிறது. சொந்தக்காரர் சென்னையில் இருப்பவர். மே மாதத்தில் பத்து நாள் வந்து, ரொம்பக் குளிருகிறது என்று சொல்லிவிட்டுப் போவார். பேரிக்காய் முற்றுவது ஆகஸ்டில். அதனால் தன் தோட்டத்துப் பேரி மரங்களோடு அவருக்கு அறிமுகமே கிடையாது. பள்ளிக்கூடத்திலிருந்து நான் வீடு திரும்பும் வழி அது. சாலையோர மரங்களின் காய்கள் விழுந்து அழுகி, புளித்த வாடை கேட் வரை வரும்.

அந்த வாடைதான் எனக்குள் சமூக சேவையைக் கிளப்பியது. எங்கள் சர்ச் பெண்கள் சங்கக் கூட்டத்தில் எழுந்து, வீணாகும் பழங்களைப் பறித்து, தேயிலைத் தொழிலாளர்கள் குடியிருக்கும் எஸ்டேட் லைன் வீடுகளுக்குக் கொடுத்தால் என்ன என்று கேட்டேன். எல்லோரும் கை தட்டினார்கள். லைனில் இருப்பவர்களிடம் போய் ஒரு வார்த்தை கேட்க யாரும் சொல்லவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

சங்கத்தின் செயலாளர் தாலுகா அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனு எழுதாத நாள் அவருக்கு நாளே இல்லை. "கேக்காமப் பறிச்சா திருட்டுங்க டீச்சர். முறையா ஒரு லெட்டர் போட்ருவோம்" என்றார்.

இரண்டு பக்கக் கடிதம் போனது. என் தமிழ் முழுவதையும் அதில் கொட்டியிருந்தேன். 'தங்கள் தோட்டத்தின் அரிய கனிகள்' என்று எழுதியது நான்தான்.

மூன்றாம் நாள் சொந்தக்காரர் போன் செய்தார். "மேடம், நம்ம கார்டன்ல இப்படி மரம் இருக்கறதே நீங்க சொல்லித்தான் தெரியும். அரிய வகைன்னு எழுதியிருக்கீங்களே, எத்தனை வருஷத்து மரம்?"

சாதாரணக் கட்டிப் பேரிக்காய்தான் என்று சொல்லியிருக்கலாம். "ரொம்பப் பழசுங்க சார்" என்றேன். மூன்று மூட்டைக்கு அனுமதி கிடைத்தது. போட்டோ அனுப்ப வேண்டும் என்பது நிபந்தனை.

ஒன்பது பேர் போனோம். தொப்பி, கையுறை, மரத்தைவிட அகலமான ஒரு பேனர். பங்களா வாட்ச்மேன் மரமேறி உலுக்கினார். நாங்கள் கீழே நின்று ஆலோசனை சொன்னோம். மூட்டைகளை ஜீப்பில் ஏற்றி, பங்களாவுக்குக் கீழே இருக்கும் எஸ்டேட் லைனில் கொண்டுபோய் இறக்கினோம்.

தேயிலை பறிக்கும் பெண் ஒருவர் முன்னால் வந்தார். என் வயதுதான் இருக்கும். மூட்டைக்குள் கைவிட்டு ஒரு காயை எடுத்துப் பார்த்தார்.

"இது மேல பங்களாக் காய்தானுங்களே?"

"ஆமாங்க. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"வருசா வருசம் திங்கிற காய் தெரியாதுங்களா? பின்னால இருக்கிற மரத்தையெல்லாம் நாங்கதான் பறிச்சுக்குவோம். வாட்ச்மேன் ஊட்டுக்கும் ஒரு பை போயிரும். ரோட்டுப் பக்கத்து மரத்தை மட்டும் தொட மாட்டோமுங்க, போறவங்க வர்றவங்க பார்த்துருவாங்கன்னு."

அழுகியதெல்லாம் அந்த மரங்களின் காய்கள். நான் பார்த்ததும் அவற்றைத்தான்.

"இதை உலுக்கக் கூடாதுங்க டீச்சர். திருகி எடுக்கோணும். பாருங்க, அத்தனையும் அடிபட்டுக் கெடக்குது" என்றார். செயலாளர் பேனரை விரித்துக்கொண்டு, "கொஞ்சம் சிரிங்கம்மா" என்றார். அந்தப் பெண் நிஜமாகவே சிரித்தார். படம் நன்றாக வந்தது.

அந்தப் படத்தைப் பார்த்து நெகிழ்ந்த சொந்தக்காரர், அடுத்த வாரமே பங்களாவின் பின்பக்கம் முழுவதும் முள்கம்பி வேலி போட்டார். கூடவே ஒரு பலகை: 'அரிய கனி மரங்கள். அந்நியர் நுழையக் கூடாது.'

பஸ் ஸ்டாப்பில் அந்தப் பெண் என்னைப் பார்த்தார். "நீங்க வராம இருந்திருந்தா நல்லா இருந்திருக்குமுங்க டீச்சர்" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். அன்று பஸ்ஸில் இடம் இருந்தும் நின்றுகொண்டே போனேன்.

செயலாளரிடம் சொன்னேன். "இன்னொரு லெட்டர் போடலாமுங்களா?" என்று ஆவலாகக் கேட்டார்.

பறிக்க ஆளில்லாமல் வேலிக்குள் காய்கள் குவிந்தன. ஒரு விடியற்காலையில் சோலைக்காட்டிலிருந்து கரடி இறங்கி, வேலியைச் சாய்த்து, மரமேறி இரண்டு கிளைகளை ஒடித்துப் போட்டுவிட்டுப் போனது. சொந்தக்காரர் பதறிப்போய் என்னைக் கூப்பிட்டார்.

"மேடம், எல்லாத்தையும் பறிச்சுடுங்க! உங்க ஆளுங்களை இன்னைக்கே அனுப்புங்க!"

"அவங்க என் ஆளுங்க இல்லைங்க சார். நீங்களே கேளுங்க" என்றேன். லைனுக்குப் போய் அவரை மறுபடி கூப்பிட்டு, போனை அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். "வர்றோமுங்க. மொதல்ல கம்பியைப் பூராவும் எடுத்துருங்க. கரடியை அது ஒண்ணும் பண்ணலை, எங்க சேலையைத்தான் கிழிக்கும்" என்றார். எதிர்முனையில் சொந்தக்காரர் ஏதோ இழுத்தார். "அப்படின்னா கரடியே பறிச்சுக்கட்டுமுங்க" என்று சொல்லிப் போனை என்னிடம் நீட்டினார்.

மறுநாளே வேலி போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நானும் போனேன். சாலையோர மரங்களையும் சேர்த்துப் பறித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் எனக்கும் ஒரு கூடை கொடுத்தார். நான் திருகிய முதல் காய் கிளையோடு வந்தது.

ஆண்டறிக்கையில், சங்கத்தின் முயற்சியால் லைன் குடும்பங்களுக்குப் பேரிக்காய் கிடைத்ததாகச் செயலாளர் எழுதியிருந்தார். அந்த வரியை அடிக்கச் சொன்னேன்.

"அப்புறம் நாம என்னதான் பண்ணினோம்னு எழுதறதுங்க?"

"நம்மளால வேலி வந்துச்சுன்னு எழுதுங்க."

அதற்குப் பிறகு அவர் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை.