மச்சாள் ஏறின மலை

இதை எழுதுவோமா விடுவோமா என்று பல வருசம் யோசித்தேன். நான் அதிகம் படித்தவள் இல்லை. வெள்ளிக்கிழமை விரதம் தவறாத சைவக்காரி. நான் போய் நின்ற இடத்தைச் சொன்னால், கோயிலில் எனக்குப் பக்கத்தில் நின்று தேவாரம் பாடுகிறவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற பயம்தான். போன மாதம் மச்சாளின் ஆண்டுத் திவசம் முடிந்தது. சிட்னி நார்த்மீட்டில் எங்கள் வீட்டுச் சாமியறையில் அவவின் படத்துக்கு மாலை போட்டபோது, இனியும் சொல்லாமல் இருந்தால் அது நன்றிகெட்டதனம் என்று பட்டது.

மச்சாள் என்றால் என் கணவரின் அக்கா. நாட்டுப் பிரச்சினை நேரம் சுவிசுக்கென்று வெளிக்கிட்டவ, இத்தாலியில் பலெர்மோ நகரத்தில் மாட்டுப்பட்டு, பிறகு அங்கேயே இருந்துவிட்டா. வயதுபோன ஆக்களை வீடுகளில் வைத்துப் பார்க்கிற வேலை. பலெர்மோவுக்கு உலகமெல்லாம் இருந்து சனம் வருகிறது. கடற்கரையும் பெரிய தேவாலயமும் பார்த்து, ஐஸ்கிரீம் குடித்து, படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அதே ஊர்ச் சந்தையில் முருங்கைக்காய் கிடைக்கும் என்பதும், எங்கள் பிள்ளைகள் தங்களுக்குள் இத்தாலி மொழியில் சண்டை பிடிப்பார்கள் என்பதும், ஊருக்கு மேலே நிற்கிற மலையில் ஞாயிற்றுக்கிழமைகளில் பொட்டு வைத்த தமிழ்ப் பெண்கள் வெறுங்காலோடு ஏறுவார்கள் என்பதும் அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ. எனக்கும் தெரிந்திருக்கவில்லை.

என் மகள் இருதயத்தில் ஓட்டையோடு பிறந்தவள். பல்லு முளைக்க முதலே சத்திரசிகிச்சை. அன்று காலை பிள்ளையை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். நானும் இவரும் ஆஸ்பத்திரி நடையில் கதிரையில் இருக்கிறோம். அப்போதுதான் மச்சாளின் போன் வந்தது. லைன் இரைச்சல், அதோடு என் அழுகை.

"அழாதை. நான் அம்மாவுக்கு நேர்ந்திட்டன். பிள்ளை தப்பினால், தன்ரை காலாலை நடந்து மலை ஏறி வருவாள் எண்டு. நீதான் கூட்டிக்கொண்டு வரவேணும், விளங்குதே?"

"எந்த அம்மாவுக்கு மச்சாள்?"

அவ சொன்னது என் காதில் ராஜேஸ்வரி அம்மா என்று விழுந்தது.

பிள்ளை தப்பினாள். அன்றிலிருந்து ராஜேஸ்வரி அம்மனுக்கு வெள்ளி தவறாமல் விளக்கு வைத்தேன். பலெர்மோவில் எங்கள் சனம் மலையில் அம்மன் கோயில் கட்டி வைத்திருக்கிறது என்றே நினைத்திருந்தேன். மகளுக்குக் காய்ச்சல் வந்தாலும், படி ஏறி மூச்சு வாங்கினாலும், நேர்த்தி இன்னும் கிடக்கிறதே என்றுதான் முதலில் நினைப்பேன். அவள் ஹைஸ்கூல் போகத் தொடங்கிய பிறகுதான் எங்களுக்குப் பயணம் சரிவந்தது. அம்மனுக்குச் சாத்த என்று மஞ்சள் கரை வைத்த சிவப்புப் பட்டுச்சேலை ஒன்று வாங்கினேன். சூட்கேசில் வைக்க மனமில்லாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு பறந்தேன்.

விடியவே தலைமுழுகி, விபூதி பூசி, மலையடிக்குப் போனோம். கல் பதித்த பழைய பாதை வளைந்து வளைந்து மேலே போகிறது. எங்களைத் தாண்டிப் போன ஒரு வெள்ளைக்காரக் கிழவி நின்று சிலுவை போட்டுக்கொண்டு ஏறத் தொடங்கினா. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"மச்சாள், ராஜேஸ்வரி அம்மன் கோயில் எந்தப் பக்கம்?"

"எந்த ராஜேஸ்வரி? விசரே உனக்கு? சாந்தா ரொசாலியா, இந்த ஊரைக் காக்கிற கத்தோலிக்கப் புனிதை. ரொசாலியா அம்மா எண்டுதானே போனிலை சொன்னனான்!"

அப்படியே கல்லில் இருந்துவிட்டேன். இவ்வளவு காலமும் நான் விளக்கு வைத்தது யாருக்கு? வேதக்காரரின் கோயிலுக்குச் சேலை கொண்டுபோவதா? போகாமல் திரும்பினால் நேர்த்தி முடியாது, பிள்ளைக்கு ஏதும் நடந்துவிட்டால்? போனால் என் அம்மன் கோவிப்பாவோ? கண்ணீர் வந்துவிட்டது. மச்சாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல என் பக்கத்தில் இருந்தா.

"இஞ்சை பார். நீ ராஜேஸ்வரி எண்டு கும்பிட்டாய். நான் ரொசாலியா எண்டு கும்பிட்டன். பிள்ளை தப்பிட்டுது. இப்ப அது ஆரின்ரை வேலை எண்டு ஆரிட்டைப் போய்க் கேக்கிறது?"

மகள் அதற்குள் சப்பாத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "அம்மா, ஆர் வீ கோயிங் ஓர் நொட்? ஃப்ளோர் சூடாகப் போகுது."

அவளே முதலில் ஏறினாள். அவளை விட்டுவிட்டு நான் கீழே இருக்கேலுமா?

பாதை முடிவில் கோயில் முகப்பு. உள்ளே போனால் குகை. பாறையிலிருந்து ஒழுகும் தண்ணீரைப் பிடிக்கக் கூரை முழுக்க வளைந்து வளைந்து தகரப் பீலிகள். அந்தத் தண்ணீர் அவர்களுக்குத் தீர்த்தம். ரொசாலியா எல்லாவற்றையும் துறந்து அந்தக் குகையில் தவம் இருந்த பெண்ணாம். பிறகொரு காலம் ஊரில் கொள்ளைநோய் வந்தபோது அவவின் எலும்பை ஊர்வலமாகக் கொண்டுபோக, நோய் நின்றதாம். மச்சாள் எங்கள் ஊர்த் தலபுராணம் சொல்வதுபோலச் சொன்னா. கண்ணாடிக்குப் பின்னால் பொன் உடுப்போடு சிலையாக ரொசாலியா அம்மா சரிந்து படுத்திருக்கிறா. "ஷீ இஸ் ஸ்லீப்பிங்," என்று மகள் காதுக்குள் சொன்னாள்.

சுவரைப் பார்த்தேன். வெள்ளியில் கை, கால், கண். நாங்கள் நேர்ந்து கோயிலில் போடுகிற அதே வெள்ளி உருக்கள். நடுவே வெள்ளியில் சின்னச் சின்ன இருதயங்கள். என்னைப்போல எத்தனை தாய்மார் எந்தெந்த நடையில் காத்திருந்தார்களோ. அதற்குப் பிறகு எனக்குக் கேள்வி இல்லை. கைகூப்பினேன், "அம்மா" என்ற சொல் மட்டும்தான் வந்தது. அங்கே நின்ற பெரியவர் ஒருவர் சேலையை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்தார்.

இறங்கும்போது மச்சாளிடம் கேட்டேன், "எனக்கு விளங்கிற மாதிரி முதலே சொல்லியிருக்கலாம்தானே?"

"சொல்லியிருந்தால் வந்திருப்பியோ?"

யோசித்தேன். "மாட்டன்."

"அப்ப சரியாத்தான் கேட்டிருக்கிறாய்," என்று சொல்லிச் சிரித்தா. அவவோடு நான் நடந்த கடைசி நடை அதுதான்.

இந்தக் கதை இங்கே சிட்னியில் ஏற்கெனவே மாறத் தொடங்கிவிட்டது. ஒரு அன்ரி அதை வேளாங்கண்ணி மாதா என்கிறா. இன்னொருவர் பலெர்மோவில் ராஜேஸ்வரி கோயில் இருக்கிறதாம் என்று எனக்கே சொன்னார். வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். பிள்ளைக்காக ஆஸ்பத்திரியில் காத்திருக்கிற யாரையும் தெரிந்தால் இதைச் சொல்லுங்கள். சொல்லும்போது ஒன்றையும் திருத்தாதீர்கள், நான் பிழையாகக் கேட்டதையும் சேர்த்தே சொல்லுங்கள். அந்தப் பிழை இல்லையென்றால் நான் பயணமே வெளிக்கிட்டிருக்க மாட்டேன், என் பிள்ளைக்காக நேர்ந்த மச்சாளின் வாக்கு அந்த மலையடியிலேயே கிடந்திருக்கும்.