நான் கட்டிவிட்ட பெட்டியம்மா

தேக்கா பக்கம் ஒரு மாடி அரங்கில் அவளுடைய புத்தக வெளியீடு. சிராங்கூன் சாலைத் தமிழர்களின் வரலாறு. ஆங் மோ கியோ நூலக வாசகர் வட்டத்தில் எனக்குப் பின்னால் வந்து சேர்ந்தவள். சென்னையிலிருந்து வேலைக்கு வந்து எட்டு வருடம்கூட ஆகவில்லை. இங்கேயே பிறந்து வளர்ந்து, முப்பது வருடமாக எழுதிக்கொண்டிருக்கும் எனக்கு இன்னும் ஒரு புத்தகம் கிடையாது. வயிறு எரியாமல் இருக்குமா? எரிந்தது. இருந்தாலும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போய் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கை தட்டினேன்.

அவள் பெட்டியம்மாவைப் பற்றி வாசித்தாள். அந்தக் காலத்தில் கப்பலில் வந்திறங்கிய ஆண்கள், வேலை தேடிப் போகும்போது தங்கள் தகரப்பெட்டிகளை அந்த அம்மாவிடம் ஒப்படைப்பார்களாம். பெட்டியில் பேர் எழுத விடமாட்டாராம். தூக்கிப் பார்த்தே யாருடையது என்று சொல்லிவிடுவாராம். திரும்பி வராதவர்களின் பெட்டிகளை வருடத்துக்கு ஒருமுறை வாசலில் வரிசையாக வைத்து வெயில் காட்டுவாராம். எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் கைக்குட்டையை எடுத்தார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

அப்படி ஒரு அம்மா இருந்ததே இல்லை. அவர் நான் கட்டிவிட்ட ஆள்.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு கோயிலின் விழா மலரை நான்தான் தொகுத்தேன். அச்சுக்குப் போகிற அன்று ஒரு விளம்பரம் கைவிட்டுப் போய், அரைப் பக்கம் காலியாக நின்றது. உட்லண்ட்ஸிலிருந்து எம்ஆர்டி ரயிலில் வரும்போது இந்தப் பெட்டியம்மாவைக் கற்பனையாகக் கைப்பேசியில் தட்டி, ‘பழைய ஆள் ஒருவர் சொன்னது’ என்று போட்டு அனுப்பிவிட்டேன். என் பேரைப் போடவில்லை. விழா மலரை யார் படிக்கிறார்கள், தங்கள் படம் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பழைய பேப்பரோடு போட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். அவள் படித்திருக்கிறாள். பக்க எண்ணோடு அடிக்குறிப்பும் கொடுத்திருக்கிறாள்.

வெளியீடு நடந்த அன்றே சொல்லியிருக்கலாம். பொய்யை அச்சிட்டதற்குக் கோயில் கமிட்டி என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடும் என்ற பயம் ஒரு பக்கம். உண்மையான காரணம் வேறு. நான் அலைந்து திரிந்து, விசாரித்து எழுதிய எந்தக் கட்டுரைக்கும் ஒருவர்கூடக் கைக்குட்டை எடுத்ததில்லை. அந்தக் கைதட்டல் எனக்கு வரவேண்டியது. எனக்கு அது வேண்டும்.

அதனால் பெட்டியம்மாவை வைத்து ஒரு சிறுகதை எழுதி இதழ் ஒன்றுக்கு அனுப்பினேன். ஆசிரியர் போன் செய்தார்.

“கதை நல்லா இருக்குலா. ஆனா இது அவங்க புக்ல உள்ளதாச்சே. ஒரு வார்த்தை பெர்மிஷன் கேட்டுடுங்க.”

என் சொந்தச் சரக்குக்கு நான் போய் அனுமதி கேட்க வேண்டுமாம். மறுநாள் ஆங் மோ கியோ காப்பிக்கடையில் அவளைப் பார்த்து, மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் காப்பியைக் கலக்குவதை நிறுத்தினாள்.

“அக்கா, ரெண்டு பெரியவங்க பெட்டியம்மாவைப் பார்த்திருக்கோம்னு என்கிட்ட சொன்னாங்க. ரெக்கார்டிங்கூட இருக்கு.”

“நீ கேட்டதும் தலையாட்டியிருப்பாங்கம்மா. அது நான் எழுதினது.”

“நீங்க எழுதின டிராஃப்ட் ஏதாச்சும் இருக்கா?”

இல்லை. பழைய கைப்பேசியோடு அது போய்விட்டது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இன்னும் புக் வரலையேன்னு உங்களுக்கு வருத்தம் இருக்கும். எனக்குப் புரியுதுக்கா. நீங்க தாராளமா எழுதுங்க. ஒரு வரி நன்றி போட்டா போதும்.”

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பொறாமையில் சொன்னால் உண்மை பொய்யாகிவிடுமா? ஆனால் பொறாமை இல்லை என்று சாதிக்கவும் எனக்கு வாய் வரவில்லை. காப்பியைக் குடித்துவிட்டுப் பேருந்து ஏறிவிட்டேன்.

கதை வெளிவந்தது. அடியில், பெட்டியம்மாவைக் கண்டெடுத்துத் தந்தவருக்கு நன்றி என்று ஒரு வரி. முதலில் போன் செய்தது அவள்தான்.

“கதை சூப்பர்க்கா. ஒண்ணு மட்டும் சொல்லட்டுமா? எங்க பெட்டியம்மா கடைசியில அப்படி உக்காந்து அழமாட்டாங்க. பெட்டியைத் தூக்கி உள்ள வச்சிட்டு, அடுத்த வேலையைப் பார்க்கப் போயிடுவாங்க.”

போனை வைத்துவிட்டு இதழை எடுத்துக் கடைசிப் பத்தியைப் படித்துப் பார்த்தேன். அவள் சொன்னதுதான் சரி.