கோட்டுக்குக் காட்டன் லைனிங் கேட்டது யார்?

என் பேரை முதலில் கெடுத்தவர் 'ஆர்டர்' காளிராஜ். கேட்டபடி தைத்தாலும் குற்றம் தையல்காரன் மேல்தான், தொழில் அப்படி. உங்கள் தொழிலிலும் ஒரு காளிராஜ் இருப்பார், யோசித்துப் பாருங்கள்.

பழைய கோட்டு

எங்கள் திருத்தங்கல் வெயிலில் கோட்டு போடுகிறவர்கள் இரண்டே வகை: கல்யாண மாப்பிள்ளை, குளிர்காலத்தில் வடக்கே பட்டாசு ஆர்டர் பிடிக்கப் போகிறவர். காளிராஜ் இரண்டாம் வகை. மதுரையில் யாரோ போட்டுக் கழித்த கோட்டு ஒன்றை வாங்கி வந்தார். வெளியே மாப்பிள்ளை மாதிரி இருந்தது; உள்ளே லைனிங் துணி அக்குளிலிருந்து அடிவரை கிழிந்து தொங்கியது.

நான் வழுக்கும் பாலியஸ்டர் துணியை எடுத்தேன். தடுத்துவிட்டார். முன்பு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தவர். நைலான், பாலியஸ்டர் உடுத்தி வந்தால் அங்கே உள்ளே விடமாட்டார்கள். உரசினால் பொறி வரும் என்ற பயம். "தம்பி, நீங்க பட்டாசு மருந்துக்குள்ளயா உக்காரப் போறீக? காட்டன் வச்சா கை வழுக்காது, மாட்டிக்கிடும்" என்றேன். டீ கொண்டுவந்த மாரியப்பனும் பக்கத்தில்தான் நின்றார்.

"பழகுன பயம் போகாது அண்ணாச்சி, காட்டனே வைங்க" என்றார் காளிராஜ்.

லக்னோவில் ஒரு கை

ஆர்டர் பிடிக்கப் போன லக்னோவில் ஒரு வியாபாரியின் வீட்டில், கோட்டைக் கழற்றிவிட்டு உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். காளிராஜ் இழுக்க, கோட்டுக்கையோடு சட்டைக்கையும் சுருண்டு முழங்கையில் இறுகிவிட்டது. இரண்டு ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்களாம். வியாபாரி கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, கேட்டதைப்போல் இரண்டு மடங்கு லோடுக்கு ஆர்டர் கொடுத்தார்.

ஊர் திரும்பிய காளிராஜ், மாரியப்பன் டீக்கடையில் அந்த ஆர்டரைப் பற்றி வாயே திறக்கவில்லை. "நம்ம டெய்லர் அண்ணாச்சிக்கு லைனிங்னா என்னன்னே தெரியலப்பா!" என்று மட்டும் எல்லாரிடமும் சொன்னார்.

சாட்சி

மாரியப்பனிடம் போனேன். "நீ அங்கனதான நின்ன? காட்டன் கேட்டது யாருன்னு சொல்லுப்பா."

கிளாஸைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "நான் டீ குடுக்க வந்தேன் அண்ணாச்சி, காது குடுக்க வரலை."

மாப்பிள்ளையின் அம்மா

அந்த வருஷம் கல்யாணக் கோட்டெல்லாம் சிவகாசித் தையல்காரர்களிடம் போய்விட்டன. கடைசியாக எம். புதுப்பட்டியிலிருந்து ஓர் அம்மா மகனுடைய கோட்டோடு வந்தார். சந்தோஷமாக அளவு நாடாவை எடுத்தேன். அவர் கோட்டைக் கொடுக்காமல் மார்போடு அணைத்துக்கொண்டே கேட்டார்: "தாலி கட்டுற நேரத்துல எம் மகன் கை வெளிய வருமா அண்ணாச்சி?"

அதே அக்குள்

சில வருஷம் கழித்து, போன மாதம் காளிராஜ் மறுபடியும் வந்தார். அதே கோட்டு, அதே இடத்தில் கிழிசல். "கூலி வேண்டாம் தம்பி. டீக்கடையில நாலு பேர் முன்னால, காட்டன் கேட்டது நான்தான்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க, அம்புட்டுத்தான்" என்றேன், வழுக்கும் துணியையும் எடுத்து விரித்தேன்.

"சொல்லிடுறேன் அண்ணாச்சி. ஆனா காட்டனே வைங்க. என் கை மாட்டுறதைப் பாக்கத்தான் அந்த வியாபாரி வருஷா வருஷம் என்னையக் கூப்பிடுறாரு."

காட்டன் வைத்துக் கொடுத்துவிட்டேன். அவர் சொல்ல வேண்டிய அந்த ஒரு வார்த்தைதான் இன்னும் கோட்டுக்கைக்குள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கிறது.