தளபதியின் செருப்பில் நாற்பத்திரண்டு

இரண்டு வருஷத்துக்கு முன்பு, ஆம்பூரில் நான் வேலை பார்க்கும் சின்ன ஷூ கம்பெனியில் நடந்தது இது. தைத்து முடித்த ஜோடிகளைத் துடைத்து, அடிப்பாகத்தில் சைஸ் நம்பர் குத்தி, டப்பாவில் போடுவது என் வேலை.

அப்போது ஒரு சரித்திர நாவலை டிவியில் தொடராகக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த நாவலைக் கரைத்துக் குடித்தவள் நான். சும்மா இருப்பேனா? "ராணிக்கு ஏதுடி பிளாஸ்டிக் பூ? நாவல்ல அந்த எடத்துல மழையே இல்லியே!" என்று தினமும் மத்தியானச் சாப்பாட்டின்போது குற்றப் பத்திரிகை வாசிப்பேன். கேட்பது பக்கத்து மிஷினில் தைக்கும் தோழி. அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். முழுக் கதையும் என் வாயால்தான்.

அந்தத் தொடருக்கே செருப்பு தைக்கும் ஆர்டர் எங்கள் முதலாளிக்கு வந்தது. ஏற்றுமதி ஆர்டர் கம்மியாகி, யாரை நிறுத்துவார்களோ என்று எல்லோரும் பயந்துகொண்டிருந்த நேரம். முதலில் முக்கிய நடிகர்களுக்கு மட்டும். பிடித்துப்போனால் படை வீரர்கள் அத்தனை பேருக்கும். எனக்குத் தலைகால் புரியவில்லை. "பாய், பக்கிள் வேணாம். அந்தக் காலத்துல ஏது பக்கிள்? வார் வச்சி கட்டிக்கட்டும்" என்றேன். "கதை படிச்சவ நீ, நீ சொன்னா சரிதாம்மா" என்று முதலாளி அப்படியே செய்யச் சொன்னார்.

ராஜா காலத்துச் செருப்பு என்பதால் நம்பர் குத்தாமல்தான் அனுப்பினோம். எல்லாம் நன்றாகத்தான் போனது. தளபதியின் செருப்பு மட்டும் இறுக்குகிறதென்று திரும்பி வந்தது. அவசரமாக வேறு ஜோடி தைத்தார்கள். காலையிலிருந்து ஏற்றுமதி ஜோடிகளுக்கு நம்பர் குத்திக்கொண்டிருந்த என் கை, அதையும் எடுத்துக் குத்தி டப்பாவில் போட்டுவிட்டது. பழக்க தோஷம். எனக்கு உறைக்கவே இல்லை.

போர்க் காட்சி வரும் அன்று வீட்டில் எல்லோரையும் டிவி முன்னால் உட்கார வைத்தேன். வேல் பாய்ந்து தளபதி குப்புற விழுந்தார். கேமரா அவர் காலருகே போய் நின்றது. செருப்பின் அடியில், வட்டத்துக்குள் பளிச்சென்று 42.

"இன்னாம்மா, ராஜா காலத்துலயே சைஸ் நம்பரா?" என்று மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அது என் கை குத்திய நம்பர்.

மறுநாள் அந்தப் படம் எல்லோர் போனிலும் இருந்தது. தொடர் எடுப்பவர்களிடமிருந்து முதலாளிக்கு அழைப்பு வந்தபோது நான் எதிரில்தான் நின்றிருந்தேன். "தப்பு என்மேலதான் சார், பாக்காம அனுப்பிட்டேன்" என்றார். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. படை வீரர்களின் செருப்பு வேறு கம்பெனிக்குப் போனது. மாசக் கடைசியில் நிறுத்தியவர்களில் என் தோழியும் ஒருத்தி.

நம்பர் குத்திய நான் இருக்கிறேன், அவள் போகிறாள். டிபன் டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டே, "விடுக்கா, வேணும்னா செஞ்ச? பேஜார் ஆவாத" என்றாள். அப்புறம், "ஆமா, நாவல்ல அந்தத் தளபதி மெய்யாலுமே செத்துடுவானா?" என்று கேட்டாள்.

"இல்லடி, பொழச்சிக்குவான்" என்றேன். எப்படிப் பிழைத்தான் என்று சொல்லாமலே அவள் பையை வாங்கிக்கொண்டு கேட் வரை கூடவே நடந்தேன்.

இப்போதும் தொடர்களில் தப்பு கண்ணில் படத்தான் செய்கிறது; அது எந்தப் பாவியின் கைப்பழக்கமோ, அதனால் யாருக்கு வேலை போயிற்றோ என்று நினைத்து வாயை மூடிக்கொள்கிறேன்.