சண்டைக்கு வரிசை வைத்த சலூன்காரர்

எங்கள் சலூன்காரரிடம் ஒருமுறை தலையைக் கொடுத்தவர்கள் பிறகு மாதக்கணக்கில் முடி வளர்த்ததில்லை. கத்தரி நன்றாக ஓடும் என்பது ஒரு பக்கம். வாய் அதைவிட நன்றாக ஓடும். ஆளுக்கொரு கதை வைத்திருப்பார். பாதியைச் சொல்வார். கொலைகாரன் கதவைத் திறக்கும் நேரம் பார்த்துத் துண்டை உதறி, "முடிஞ்சுது, எழுந்திருங்க" என்பார். மீதி தெரிய வேண்டுமானால் மறுபடி வர வேண்டும். இரண்டு வருடமாக நான் பத்து நாளுக்கொருமுறை போய், வெட்ட ஒன்றுமில்லாத தலையை வெட்டிக்கொண்டு வந்தேன்.

அப்படிப்பட்டவர் வார விடுமுறையன்று சும்மா இருப்பாரா? முன்பு கல்லூரி விடுதிக்கு எதிரே கடை வைத்திருந்தபோது மாணவர்களிடம் ஒரு விளையாட்டைக் கற்றுக்கொண்டிருந்தார். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, பேசிப் பேசியே கதையை நடத்தும் விளையாட்டு. கதையை நடத்துவது அவர். ஆடுவது மூன்று பேர். கணக்கு டீச்சர் மந்திரக்காரி, மருந்துக்கடைக்காரர் திருடன், நான் கோடாலி வீரன். எல்லோருக்கும் வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. வீட்டில் 'ஒரு வேலை இருக்கிறது' என்று சொல்லிவிட்டுத்தான் வருவோம். நாள் முழுக்க நின்றே வேலை செய்து சலூன்காரருக்குக் காலில் நரம்பு புடைத்திருக்கும். அந்த ஒரு மதியம்தான் தன் கடை நாற்காலியில் தானே உட்காருவார்.

இந்த ஆட்டத்தில் சாதாரணப் பேச்சு நடக்கும்போது யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் பேசலாம். சண்டை வந்தால் மட்டும் வரிசை. ஆளுக்கு ஒருமுறை இருபது முகப் பகடையை உருட்டி, விழுந்த எண்ணோடு தன் வேடத்தின் சுறுசுறுப்புக்கு உரிய எண்ணைக் கூட்ட வேண்டும். அதிகம் வந்தவர் முதலில், பிறகு அடுத்தவர். எதிரிக்குச் சலூன்காரர் உருட்டுவார். தன் முறையில் ஒருவர் கொஞ்சம் நகரலாம், ஒரு காரியம் செய்யலாம். கடைசி ஆளும் முடித்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து. ஒரு சுற்று என்பது கதைக்குள் ஆறு நொடி, எங்களுக்கு அரை மணி. மருந்துக்கடைக்காரர் யோசிக்க ஆரம்பித்தால் முக்கால் மணி.

யார் முறை என்று மறக்காமலிருக்க, கண்ணாடியின் மேல்விளிம்பில் முடிக்குப் போடும் கலர் கிளிப்புகளை வரிசையாக மாட்டுவார். முறை வந்தவரின் கிளிப்பை நிமிர்த்தி வைப்பார். அது நிமிர்ந்திருக்கும்வரை மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் சீப்பால் மேசையில் ஒரு தட்டு.

அந்த விதிதான் எனக்கு உயிர். தகடு வெட்டும் பட்டறையில் இருபத்தாறு வருடம் நின்றதில் என் காது முக்கால்வாசி போயிருந்தது. ஒருவர் முகம் பார்த்துப் பேசினால், உதட்டைப் பார்த்து எப்படியோ சமாளித்துவிடுவேன். மூன்று பேர் சேர்ந்து பேசினால் யார் உதட்டைப் பார்ப்பது? நான் திரும்புவதற்குள் பேச்சு வேறு ஆளிடம் போயிருக்கும். வெளியே சொல்லவும் பயம். பட்டறையில் தெரிந்தால் இயந்திரத்தின் பக்கம் விடமாட்டார்கள். வீட்டுக்காரியோ, "நான் சொல்றது மட்டும் உங்க காதுல விழாதே" என்று ஊரில் எல்லா மனைவிகளும் சொல்வதைச் சொல்லிவிட்டுப் போய்விடுவாள். டீக்கடை, கல்யாண வீடு, தம்பி வீட்டு விருந்து என்று நானாகவே ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டேன். நான்கு வருடத்தில், மனிதர்களோடு உட்கார எனக்கு மிஞ்சியது அந்தச் சலூன் ஒன்றுதான்.

அங்கேயும் சண்டை வந்தால்தான் எனக்கு வாழ்வு. கிளிப்பைப் பார்த்தால் அடுத்துப் பேசப்போவது யார் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். அதனால் நான் செய்த காரியம், வலியப் போய்ச் சண்டை இழுத்தது. சத்திரக்காரன் சாவி கொடுக்க வந்தான், கோடாலி. ஆடு மேய்ப்பவன் வழி சொல்ல வந்தான், அவனுக்கும் கோடாலி. படகோட்டியை வெட்டிவிட்டு, ஆற்றைக் கடக்க ஆளில்லாமல் இரண்டு வாரம் கரையிலேயே உட்கார்ந்திருந்தோம். டீச்சர் எனக்குச் சண்டைக்கோழி என்று பெயர் வைத்தார்.

ஒருநாள் கதையில் அரசியின் தூதுவன் வந்தான். கடத்தப்பட்ட இளவரசன் இருக்கும் இடம் அவனுக்குத்தான் தெரியும். ஏழு வாரம் அந்தத் தூதுவனைத் தேடி அலைந்திருந்தோம். டீச்சரும் மருந்துக்கடைக்காரரும் போட்டி போட்டுக்கொண்டு கேள்வி கேட்டார்கள். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. தலையாட்டிப் பார்த்தேன், சிரித்துப் பார்த்தேன். டீச்சர் என்னிடம் ஏதோ கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார்.

"கோடாலிய எடுக்கறேன்" என்றேன்.

அன்றைக்கென்று பார்த்துப் பகடையில் இருபது விழுந்தது. வரிசையில் முதல் முறை எனக்கு. இடத்தைச் சொல்ல வாயைத் திறக்கும் முன்பே தூதுவன் தலை போயிற்று.

மருந்துக்கடைக்காரர் எழுந்து என் எதிரே நின்று சொன்னார். ஒரு சொல் தப்பாமல் புரிந்தது. "இவரு இருந்தா இனிமே நான் வரல." டீச்சர் மறுத்துப் பேசவில்லை. சலூன்காரர், "அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று கிளிப்புகளைக் கழற்றினார். எனக்கிருந்த ஒரே இடமும் போயிற்று என்றுதான் வீட்டுக்கு நடந்தேன்.

இரண்டு நாள் கழித்து அவரிடமிருந்து செல்லுக்குச் செய்தி வந்தது, முடி வெட்ட வரச் சொல்லி. போனேன். வழக்கமாகப் பின்னால் நின்று கண்ணாடியைப் பார்த்துப் பேசுவார். நானும் கண்ணாடியில் அவர் உதட்டைப் பார்த்துக்கொள்வேன். அன்று நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டார். பத்து நிமிடம் கத்தரி ஓடியது. இந்த மனிதரால் இவ்வளவு நேரம் பேசாமல் இருக்க முடிகிறதே என்று அதிசயப்பட்டேன்.

பிறகு முன்னால் வந்து குனிந்தார். "அண்ணா, உங்க கதையோட முடிவை இப்பத்தான் முழுசா சொன்னேன். கொலைகாரன் யாருன்னுகூடச் சொல்லிட்டேன். நீங்க காலண்டரப் பாத்துக்கிட்டு இருந்தீங்க."

கழுத்துத் துண்டை இழுத்து விட்டுக்கொண்டேன்.

"எத்தனை வருஷமா?"

"நாலு."

"சண்டை வந்தாத்தான் யார் பேசறாங்கன்னு புரியுது. இல்லையாண்ணா?"

தலையாட்டினேன்.

"உங்க காதோரம் கத்தி வச்சிக்கிட்டே இருக்கறவன் நான். எனக்கு முன்னாடியே தோணியிருக்கணும். தப்பு என் மேலதான்" என்றார்.

கேலி செய்திருக்கலாம், பரிதாபப்பட்டிருக்கலாம். இரண்டும் இல்லாமல் பழியைத் தன் தலையில் எடுத்துக்கொண்டார். அதற்காக இன்றும் அவரைப் பார்க்கும்போதெல்லாம் மனதுக்குள் ஒரு கும்பிடு போடுகிறேன். அன்று முகம் துடைப்பதுபோல் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவங்ககிட்ட சொல்லிடாதீங்க தம்பி" என்று மட்டும் கேட்டேன்.

"நான் ஏன் சொல்றேன்? அது உங்க விஷயம்."

அடுத்த வாரம், கடைசியாக ஒரே ஒரு நாள் என்று கெஞ்சி மருந்துக்கடைக்காரரை வரவழைத்திருந்தார் சலூன்காரர். உட்கார்ந்ததுமே பகடையை நீட்டினார். "இனிமே பேச்சுக்கும் வரிசைதான். உருட்டுங்க."

"சத்திரத்துல சாப்பாடு கேக்கறதுக்குமா?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"உப்பு கேக்கறதுக்கும்."

கூட்டிப் பார்த்ததில் டீச்சருக்குப் பதினேழு, சலூன்காரருக்குப் பதினாலு, எனக்குப் பதினொன்று, மருந்துக்கடைக்காரருக்கு ஆறு. கிளிப்புகள் ஏறின. கதையில், தூதுவனின் மனைவி புருஷனைத் தேடிக்கொண்டு வந்து நின்றாள். டீச்சர் தன் முறையில் அவளை உட்காரவைத்து, அவன் செத்த செய்தியை மெல்லச் சொன்னார். நான் ஒரு சொல்லையும் விடவில்லை. அடுத்துச் சலூன்காரர் அந்த மனைவியாகவே என்னைப் பார்த்துக் கேட்டார். "அவரு கத்தியக்கூட எடுக்கலயே. ஏன் கொன்னீங்க?"

என் கிளிப் நிமிர்ந்தது. கோடாலி வீரன் என்ன சொல்லியிருப்பானோ, எனக்குத் தெரியாது.

"அவரு என்ன சொல்ல வந்தாருன்னு எனக்குக் கேக்கலம்மா" என்றேன். "எனக்குக் காது கேக்காது. நாலு வருஷமா."

டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சீப்பு மேசையில் இறங்கியது. எல்லோரும் காத்திருந்தார்கள். சொல்ல எனக்கு எவ்வளவோ இருந்தும், போதும் என்று கையைக் காட்டினேன். கிளிப் மருந்துக்கடைக்காரருக்குப் போனது.

அவர் நாற்காலியை இழுத்து என் முகத்துக்கு நேராகப் போட்டுக்கொண்டார். முக்கால் மணி யோசிக்கிறவர் அன்று யோசிக்கவே இல்லை.

"விதியில இடம் இருக்கான்னு தெரியல" என்றார், உதட்டை நன்றாக அசைத்து. "என் முறையை இவருக்கே குடுக்கறேன். எவ்வளவு நேரமானாலும் இவரு சொல்லட்டும்."

"விதியில இல்ல" என்றார் சலூன்காரர். "இன்னிக்குச் சேத்துக்கலாம். சொல்லுங்கண்ணா."

பொழுது சாயும்வரை சொன்னேன். ஒருவரும் குறுக்கே பேசவில்லை.