தடவிப் பார்க்கிற கை

முதலில் வந்தது அரிப்பு. என் கணவர் மாரிமுத்து மூக்கையும் முன்கையையும் சொறிந்துகொண்டே இருந்தார். சிவகாசிப் பக்கம் பட்டாசு வேலை பார்க்கிற வீடுகளில் அரிப்பை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. தூசி பட்டிருக்கும் என்று தேங்காய் எண்ணெய் தடவிவிட்டு நான் என் வேலைக்குப் போய்விட்டேன்.

என் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் கேட்டில் நிற்பவள் நான். காலையில் வேனில் வந்து இறங்கும் பெண்கள் ஒவ்வொருவராக என் முன்னால் கையைத் தூக்கி நிற்பார்கள். செல்போனோ தீப்பெட்டியோ உள்ளே போய்விடக் கூடாது. இடுப்பு, முந்தானை முடிச்சு, சாப்பாட்டுப் பை எல்லாவற்றையும் தடவிப் பார்த்து அனுப்புவேன். என் கைக்குத் தப்பி எதுவும் போகாது என்று பேர். அப்பேர்ப்பட்டவள் வீட்டுக்காரர் சட்டைப் பையை வெகுநாள் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

அவர் லாரியில் பட்டாசுப் பெட்டி ஏற்றுகிற லோடுமேன். ஒரு சீசனில் முதுகு பிடித்துக்கொண்டது. கூட வேலை பார்த்தவர் வலி மாத்திரை ஒன்று கொடுத்தார். வலி போனது, அலுப்பும் சேர்ந்து போனது, கூடுதல் லோடு ஏற்ற முடிந்தது. ஒன்று மூன்றாகி, பிறகு கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் அளவுக்குப் போயிற்று. சித்திரை வெயிலில் முழுக்கைச் சட்டை போட ஆரம்பித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

விருதுநகரில் ஒரு டாக்டர் அவர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். கண்பாவை (கருவிழியின் நடுவில் இருக்கும் கறுப்பு வட்டம்) கடுகளவு சுருங்கியிருந்தது. அதுவும் அந்த அரிப்பும் மாத்திரையின் அடையாளமாம்.

"இத கெட்ட பழக்கமாப் பாக்காதீங்கம்மா. இது நோய்" என்றார்.

எனக்கு ஆறுதல் வரவில்லை, கோபம்தான் வந்தது. எந்த நோயாளி பெண்டாட்டி கம்மலைத் தூக்கிக்கொண்டு போவான்?

ஆஸ்பத்திரியில் விலகல் அறிகுறிகளை (பழகிய மருந்து நின்றதும் உடம்பு படுகிற பாடு) பக்கத்திலிருந்து பார்த்தேன். வாந்தி, நடுக்கம், கால் எலும்புக்குள் குடைச்சல். அத்தனையும் பட்டுத் தேறி வீட்டுக்கு வந்தவர் கொஞ்ச நாளில் பழையபடி ஆரம்பித்தார். இதை மறுவீழ்ச்சி (விட்டது திரும்ப வருவது) என்கிறார்கள். அதற்குப் பிறகு என் கை சும்மா இருக்கவில்லை. குளிக்கப் போனால் சட்டையை, தூங்கினால் தலையணையை, வாசலுக்கு வந்தால் இடுப்பை என்று எந்நேரமும் தேடினேன்.

பிறகுதான் டாக்டர் சொல்லி, கரிசல் காட்டுக்கு நடுவில் இருக்கும் ஓர் இல்லத்தில் சேர்த்தோம். சிகிச்சைச் சமூகம் (போதையிலிருந்து மீள்கிறவர்கள் சேர்ந்து வாழ்ந்து ஒருவரையொருவர் திருத்திக்கொள்ளும் இடம்) என்று பெயர். ஆண்கள் மட்டும். பெருக்குவது, சமைப்பது எல்லாம் அவர்களே. வீட்டில் தண்ணீர்கூட மொண்டு குடிக்காத மனிதர் அங்கே அத்தனை பேருக்கும் ரசம் வைத்தாராம்.

காலையில் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் செய்த தப்பை இன்னொருவர் எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். கேட்டவர் எதிர்த்துப் பேசக் கூடாது. 'நன்றி' என்று மட்டும் சொல்லலாம். அங்கே ஆலோசகராக இருக்கும் ஸ்டெல்லாம்மா இதை விளக்கியபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சட்டம் எங்கள் தெருவுக்கு வந்தால் குழாயடியில் சத்தமே இருக்காது.

முதல் சில வாரம் பார்க்க விடமாட்டார்கள், போனும் கிடையாது. மகள் மதுரையில் ஹாஸ்டலில் இருந்தாள். இனி எனக்கு நிம்மதி என்று கூட வேலை பார்க்கிறவர்கள் சொன்னார்கள். எனக்கோ அந்த வீட்டுக்குள் போகவே பிடிக்கவில்லை. ஒரு ஆளுக்கு உலை வைப்பது பழகவே இல்லை. ஆணியில் தொங்கிய அவருடைய பழைய சட்டையை, உள்ளே ஒன்றும் இல்லை என்று தெரிந்தே, வேலை முடிந்து வந்ததும் தடவிப் பார்த்தேன். அவ்வளவு தனியாக நான் இருந்ததில்லை.

குடும்பக் கூட்டத்துக்குக் கூப்பிட்டபோது ஒரு மூட்டை குறையோடு போனேன். அதே வட்டம், அதே சட்டம். கம்மல், பொய், மகள் முன்னால் பட்ட அவமானம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் தலையைக் குனிந்தபடி நன்றி என்றார். அடுத்து அவர் முறை.

"அவ என்னையத் தொட்டு வருசக்கணக்காச்சு. தொட்டாலும் சோதிக்கத்தான் தொடுதா" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். எனக்கு வாய் நிறைய பதில் இருந்தது. யாரால் இப்படி ஆனேன் என்று கத்தியிருப்பேன். எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நன்றி என்றேன்.

திரும்பும்போது பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்து அத்தனை பதிலையும் மனசுக்குள் சொல்லித் தீர்த்தேன். சிவகாசி வந்தபோது அவர் சொன்னது மட்டும் அப்படியே இருந்தது. அது உண்மை. பஸ் ஸ்டாண்டில் ஒரு ஓரமாக நின்று அழுதேன்.

அவரை வீட்டுக்கு அனுப்பும் முன் ஸ்டெல்லாம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தேடிக்கிட்டே இருக்காதீக. அவரு மறுபடி விழணும்னு இருந்தா நீங்க தேடுறது அதத் தடுக்காது. அந்த நேரத்துல நீங்களும் கொஞ்சம் வாழுங்க" என்றார்.

உங்கள் வீட்டிலும் இந்த நோய் இருந்தால், தேடுவதை நிறுத்துங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

அவரை அனுப்பிய அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். வாசலில் பையை வைத்துவிட்டு, நான் ஒன்றும் கேட்காமலே இரண்டு கையையும் தூக்கி நின்றார், கேட்டில் என் முன்னால் நிற்கும் பெண்களைப் போல.

"பாத்துக்கோ புள்ள" என்றார். கேலியாகச் சொல்லவில்லை.

என் கை தானாகவே இடுப்புக்குப் போனது. முன்பு எலும்பு தட்டிய இடத்தில் இப்போது சதை இருந்தது, சூடாக இருந்தது. விலாவுக்கு வந்தேன். சட்டைப் பை லேசாகப் புடைத்திருந்தது. கையை அந்தப் பைக்குக் கொண்டுபோகாமல் பின்னால் கொண்டுபோய், முதன்முதலில் வலி வந்த அந்த முதுகில் வைத்தேன்.

"கைய எறக்குங்க" என்றேன்.

இறக்கினார். நான் கையை எடுக்கவில்லை. கேட்டில் ஒரு ஆளுக்கு ஒரு மூச்சு நேரம்தான் எடுப்பேன். அன்றைக்கு எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று எனக்குத் தெரியாது. அந்தச் சட்டைப் பையில் என்ன இருந்தது என்றும் தெரியாது.