பன்னிரண்டு சுற்று

பாஞ்சாலி அக்காவுக்கு வலது கால் மரத்துப்போகிறது என்பது முதலில் கம்பெனியில் எனக்கு மட்டும்தான் தெரியும். பொம்மனஹள்ளியில் சட்டை தைக்கும் கம்பெனி. அவள் காலர் வைப்பாள், அடுத்த மெஷினில் நான் கை ஏற்றுவேன். பத்தொன்பது வருடத்தில் அவள் வைத்த காலர் திரும்பி வந்து யாரும் பார்த்ததில்லை. போன வருடம் வர ஆரம்பித்தது. பெடலைக் கால் எவ்வளவு அழுத்துகிறது என்று அவளுக்கே தெரியவில்லை. தையல் முனையைத் தாண்டி ஓடிவிடும். "பிரிச்சுக் குடு யசோதா, நரேஷ் பாக்கறதுக்குள்ள" என்று துணியை என் மடியில் போடுவாள். நரேஷ் எங்கள் சூப்பர்வைசர். நானும் வாயை மூடிக்கொண்டு பிரித்துக் கொடுப்பேன்.

எல்லாம் சர்க்கரை செய்த வேலை. டாக்டரம்மா மாத்திரை எழுதிவிட்டு, "இது பாதிதான். தினமும் நடக்கணும். கடைக்குப் போற நடை இல்ல, வேர்க்க வேர்க்க நடக்கணும். இல்லன்னா அந்தக் கால் உங்களுக்கு இல்ல" என்று சொல்லிவிட்டார்.

அக்காவுக்குக் கால் போவதைவிட மெஷின் போய்விடுமோ என்றுதான் பயம். எங்கள் கம்பெனியில் டெய்லருக்கு ஒரு நாற்காலி உண்டு, பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். ஹெல்பருக்கு இரண்டும் கிடையாது. வெட்டிய துணியைக் கட்டுக்கட்டாகத் தூக்கிக்கொண்டு லைனுக்கு லைன் அலைய வேண்டும், யார் வேண்டுமானாலும் விரலைச் சொடுக்கிக் கூப்பிடலாம். அக்காவும் ஹெல்பராக வந்தவள்தான். சாப்பாட்டு நேரத்தில் கழிவுத் துணியில் தைத்துப் பழகி, நாலு வருடம் கழித்து அந்த நாற்காலியைப் பிடித்தாள்.

நடக்கச் சொன்ன டாக்டரம்மா எப்போது நடப்பது என்று சொல்லவில்லை. அக்கா நாலரைக்கு எழுந்துவிடுவாள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் காவேரித் தண்ணீர் வரும், அதைப் பிடிக்க வேண்டும். சமைக்க வேண்டும், நாலு டப்பா கட்ட வேண்டும், எட்டு மணி வேனைப் பிடிக்க வேண்டும். ஒரு நாள் தண்ணீர் வராத விடியலில் தெருவில் இறங்கினாள், நாய்கள் மெயின் ரோடு வரை விரட்டின. அந்த ஒரு நாள்தான் டாக்டரம்மா சொன்னபடி வேர்த்தது. சாயங்காலம் வீடு சேரும்போது ஏழேகால். அவள் வீட்டுக்காரர் பெருமாள்சாமி அபார்ட்மெண்ட் வாட்ச்மேன். எட்டு மணி டியூட்டிக்கு அவருக்குச் சூடாகப் போட வேண்டும். "நாள் பூரா வேல செய்யறியே, அது எக்சர்சைஸ் இல்லையா?" என்று கேட்டாராம் அந்த மகான். ஞாயிற்றுக்கிழமை துணி மலை. பார்க்குக்குப் போகலாமென்றால் அவளுக்கு ஒழிகிற நேரத்தில் அது பூட்டியிருக்கும்.

மிச்சம் இருந்தது மத்தியானச் சாப்பாட்டு அரை மணி நேரம். பத்து நிமிடத்தில் விழுங்கிவிட்டு, கேன்டீன் பின்பக்கம் இறங்கி, பாய்லர் ஷெட்டைச் சுற்றி, சைக்கிள் ஸ்டாண்டைத் தொட்டுத் திரும்பினால் ஒரு சுற்று. பன்னிரண்டு சுற்றுக்கு நேரம் சரியாக இருக்கும். மூன்று வாரம் தனியாக நடந்தாள். "யசோதா, சுண்டுவிரல்ல என்னமோ ஊறுது" என்றாள் ஒரு நாள். அப்படி ஒரு சிரிப்பை அவள் முகத்தில் அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அவளை அவள் பாட்டுக்கு நடக்க விட்டிருக்கலாம். எனக்குத்தான் சும்மா இருக்க முடியாதே. எனக்கும் இடுப்பு வலி என்று பின்னாலேயே போனேன். என்னைப் பார்த்து முட்டி வலிக்காரி மரகதம் வந்தாள், மரகதத்தைப் பார்த்துப் பட்டன் செக்‌ஷனே வந்தது. பத்து நாளில் நாற்பது பேர். ஷெட்டுக்கும் சுவருக்கும் நடுவில் சந்து குறுகல் என்பதால் இரண்டிரண்டு பேராக வரிசை கட்டினோம், அதுவும் என் ஏற்பாடுதான். ஃபோனெல்லாம் கேட்டில் வாங்கி வைத்துவிடுவார்கள், கையில் வாட்சும் இல்லை. அக்காவுக்கு எண்ணிக்கை தப்பிவிடும். அதனால் ஒவ்வொரு சுற்று முடியும்போதும் நான் கையைத் தூக்கி "ஏழு!" என்று கத்துவேன். நாற்பது பேரும் கையைத் தூக்கி "ஏழு!" என்பார்கள். நல்ல வேடிக்கையாக இருந்தது.

மாடியில் கண்ணாடி அறையில் இருந்தவர்களுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று நான் யோசிக்கவில்லை. ஒரு காலத்தில் கார்மெண்ட்ஸ் பெண்கள் ஓசூர் ரோட்டையே மறித்து உட்கார்ந்தவர்கள். அந்த பயம் எந்தக் கம்பெனிக்கும் இன்னும் போகவில்லை. இங்கே நாற்பது பெண்கள் வரிசையாக, கையை உயர்த்தி, கோஷம் போட்டுக்கொண்டு, தினமும் ஒரே நேரத்தில் வருகிறார்கள். முன்னால் ஒருத்தி நடக்கிறாள்.

வியாழக்கிழமை மத்தியானம் கேன்டீன் பின்கதவுக்குப் பூட்டு விழுந்தது. அக்காவையும் என்னையும் ஹெச்.ஆர். வீணா மேடம் கூப்பிட்டு அனுப்பினார். நரேஷ் கதவோரம் நின்றுகொண்டிருந்தான். மேடம் எங்களுக்கு டீ வரவழைத்தார்.

"நிம் பேடிகெ ஏனு?" என்றார் கன்னடத்தில். உங்கள் கோரிக்கை என்ன என்று.

அக்கா என்னைப் பார்த்தாள். "கோரிக்கையா? ஒண்ணும் இல்ல மேடம். நடக்கறோம்."

"யாரு சொல்லி நடக்கறீங்க?"

"டாக்டர் சொல்லி."

நரேஷ் சிரித்தான். மேடம் சிரிக்கவில்லை. "எந்த யூனியன்ல இருக்கீங்கன்னு சொல்லிடுங்க பாஞ்சாலியம்மா. போலீஸ் கம்ப்ளெயிண்ட் வரைக்கும் போக வேண்டாம்னு பாக்கறேன்."

போலீஸ் என்றதும் அக்கா டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள். பத்தொன்பது வருடம் தலை நிமிராமல் தைத்தவளைப் போய்! எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "என்ன மேடம் பேசறீங்க? யூனியனும் இல்ல, ஒண்ணும் இல்ல. அக்காவுக்குச் சர்க்கரை. வலது கால் மரத்துப்போச்சு. பெடல் மிதிக்கறதே தெரியல. அந்தக் காலைக் காப்பாத்திக்கத்தான் பாவம் நடக்குது!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். மேடம் நரேஷைப் பார்த்தார். நரேஷ் நோட்டில் என்னவோ எழுதினான்.

மேடத்தின் குரல் அதற்குப் பிறகு ரொம்ப இதமாகிவிட்டது. "இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே? மரத்துப்போன கால வெச்சிட்டு மெஷின்ல உட்காரலாமா? ஊசி விரல்ல ஏறினா கம்பெனிதானே பதில் சொல்லணும்? நீங்க நடக்கணும், அவ்வளவுதானே? திங்கக்கிழமையிலருந்து ஹெல்பரா வாங்க. நல்லா நடங்க."

படியில் இறங்கும்போது அழுதது நான்தான். "விடுடி, நீ வேணும்னா சொன்ன?" என்றாள் அக்கா. என்னைத் திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

இப்போது அவள் நாற்காலியில் சிந்து என்று ஒரு புதுப் பெண் உட்கார்ந்து காலர் வைக்கிறாள். காலர் கோணலாக வருகிறது, யாரும் ஒன்றும் சொல்வதில்லை. அக்கா காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் வரை துணிக்கட்டைத் தூக்கிக்கொண்டு நடக்கிறாள். முதுகு முழுக்க வேர்வை. கேன்டீன் பின்கதவுப் பூட்டு அப்படியே தொங்குகிறது.

நாலு மாதம் கழித்து, போன வாரம், என் மெஷின் பக்கத்தில் துணிக்கட்டை இறக்கி வைத்துவிட்டு நின்றாள். "டாக்டரம்மா உள்ளங்கால்ல ஊசியால குத்திப் பாத்தாங்க யசோதா. சுருக்குன்னு வலிச்சுது. சர்க்கரையும் எறங்கிடுச்சாம். கால் வந்துடுச்சுன்னாங்க."

எனக்குச் சந்தோஷத்தில் ஊசி தவறிப் போனது. "அப்போ போய்ச் சொல்லுக்கா! மெஷின் குடுத்துத்தானே ஆகணும்!"

"சொன்னேன். மேடம் கையப் புடிச்சிட்டாங்க. 'பாத்தீங்களா, நடந்ததாலதான் சரியாச்சு. விட்டுடாதீங்க, இப்படியே நடங்க'ன்னாங்க."

சிந்து தைத்துக்கொண்டிருந்த காலரை அக்கா கொஞ்ச நேரம் பார்த்தாள். அவள் வலது கால் தரையை லேசாக அழுத்தியது, விட்டது, மறுபடி அழுத்தியது. அதற்குள் கடைசி லைனில் யாரோ விரலைச் சொடுக்கினார்கள். அக்கா போனாள். அவள் எத்தனை சுற்று நடக்கிறாள் என்று இப்போது நான் எண்ணுவதில்லை.